மனச்சிதைவு நோயில் கவனமும் நினைவும் மந்தமானால்: வீட்டார் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. யாரோ சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்ற பயமும் போய்விட்டது. மாத்திரை ஒழுங்காகப் போகிறது. ஆனாலும் பிள்ளை பல் தேய்க்கப் போனால் ஒரு மணி நேரம் ஆகிறது, கடைக்கு அனுப்பினால் பாதிச் சாமானோடு வருகிறான், படம் பார்த்து முடித்தால் கதை சொல்லத் தெரியவில்லை. "நோய்தான் சரியாப் போச்சே, இப்ப இன்னா சோம்பேறித்தனம்?" என்று வீட்டில் சண்டை ஆரம்பிப்பது அப்போதுதான்.

இந்த வழிகாட்டி அந்தக் கட்டத்துக்கானது. மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா, உள்ள என் தம்பியைக் குடியாத்தத்தில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். வேலூர் பக்கம் பாகாயம் மனநல மருத்துவமனையிலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் ஓ.பி. வரிசையில் உட்காரும்போது புதிதாக வந்த குடும்பங்களோடு பேசுவேன். சிலருடைய வீட்டுக்கே போய் உடனிருந்தும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள். ஆளை மாற்றப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை மருந்துச் சீட்டும் வீடும்.

நான் டாக்டர் இல்லை. மருந்து பற்றிய முடிவு எல்லாம் உங்கள் மனநல மருத்துவருடையது. அவரிடம் எதைக் கொண்டுபோய்ச் சொல்வது, வீட்டில் எதைச் செய்வது என்பது மட்டும்தான் இங்கே.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கோடு போட்ட நோட்டு, பெரிய எண் உள்ள சுவர்க் கடிகாரம், தினமும் தாள் கிழிக்கும் காலண்டர், காலை–மதியம்–இரவு எனப் பிரித்த மாத்திரை டப்பா, அலாரம் வைக்கத் தெரிந்த சாதாரண போன், இதுவரை வாங்கிய மருந்துச் சீட்டுகள் எல்லாம் ஒரே கவரில். இவ்வளவு போதும்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வீட்டில் யார் சொல்லிக்கொடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அம்மா ஒரு முறை, மாமா வேறு முறை, தாத்தா திட்டு என்று மூன்று குரல் வந்தால், ஏற்கெனவே திணறும் மூளை இன்னும் திணறும். ஒருவர் சொல்லட்டும், மற்றவர்கள் அதையே பின்பற்றட்டும்.

1. குரலும் சந்தேகமும் அடங்கியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்

தனியாகப் பேசுகிறாரா, காரணமில்லாமல் சிரிக்கிறாரா, யாரோ கூப்பிட்டதுபோல் சட்டென்று தலையைத் திருப்புகிறாரா என்று கவனியுங்கள். இவை இருந்தால் வேறெதையும் தொடங்க வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். காதுக்குள் ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் சொல்வதற்கு இடமே இருக்காது. அது நினைவுக் குறைவு மாதிரித் தெரியும், ஆனால் மருந்தைச் சரிசெய்தால் போய்விடும்.

மனச்சோர்வையும் இப்போதே பாருங்கள். அழுகை, சாப்பாட்டில் வெறுப்பு, "நான் எதுக்கு இருக்கேன்" என்ற பேச்சு இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சோர்வும் யோசனையை மந்தப்படுத்தும். அதற்குச் சிகிச்சை உண்டு.

2. மூளையில் எது மந்தமாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த நோயின் தொல்லைகள் மூன்று வகை. இல்லாததைக் கேட்பது, இல்லாததை நம்புவது ஒரு வகை. ஆர்வம், பேச்சு, முகபாவம் குறைவது இரண்டாவது. யோசிக்கும் திறன் குறைவது மூன்றாவது. மருந்துகள் பலருக்கும் முதல் வகையை நன்றாக அடக்குகின்றன. மூன்றாவது வகைக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து இதுவரை இல்லை. "மாத்திரை சாப்பிட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி ஒரு வேலையைத் திட்டமிடவும், கேட்டதைச் சில விநாடி மனதில் தாங்கிப் பிடிக்கவும், நடுவில் வரும் வேறு எண்ணத்தைத் தள்ளி வைக்கவும் பயன்படுகிறது. பக்கவாட்டில் உள்ளே இருக்கும் ஹிப்போகேம்பஸ் புதிதாகக் கேட்டதை நினைவாகச் சேமிக்கிறது. மனச்சிதைவில் இந்தப் பகுதிகளும் இவற்றுக்கிடையே செய்தி போய்வரும் இணைப்புகளும் வழக்கம்போல் ஒத்துழைப்பதில்லை. டோபமைன், குளூட்டமேட் என்ற இரசாயனங்களின் சமநிலை மாறுவதும் இதில் சேர்ந்திருக்கிறது.

வெளியில் தெரிவது இவைதான்: யோசனை வேகம் குறைகிறது, கவனம் நிற்பதில்லை, கேட்டதைத் தாங்கிப் பிடிக்க முடிவதில்லை, புதிதாகச் சொன்னது பதிவதில்லை, ஒரு வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று தெரிவதில்லை, எதிரில் இருப்பவர் முகத்தைப் படிக்க முடிவதில்லை. எல்லாருக்கும் எல்லாமும் இருக்காது. சோதனை செய்து பார்க்கும்போது பலருக்கும் அதிகமாகக் குறைந்திருப்பது வேகம்தான்.

படிப்பில்லாததால் வருவதல்ல இது. இன்ஜினியரிங் முடித்தவருக்கும் வருகிறது. பலருக்கு முதல் தடவை நோய் வெளியே தெரிவதற்குச் சில வருடம் முன்பே தொடங்கிவிடும். பிளஸ் டூவில் நன்றாகப் படித்த பிள்ளை கல்லூரியில் திடீரென்று அரியர் வைத்தது ஏன் என்று அப்போது யாருக்கும் புரிந்திருக்காது. இன்னொரு பயமும் வேண்டாம்: முதியவர்களுக்கு வரும் அல்சைமர் நோய்போல இது வருடத்துக்கு வருடம் வேகமாகக் கரைந்துகொண்டே போவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நிலையில் நிற்கிறது. அதனால்தான் வீட்டில் செய்யும் உழைப்புக்குப் பலன் இருக்கிறது.

3. ஒரு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

புதிதாக வருபவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். "எல்லாமே மறக்குறான் டாக்டர்" என்று சொன்னால் டாக்டருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

"குளிக்கவில்லை" என்று எழுதாதீர்கள். "துண்டை எடுத்தான். பாத்ரூம் வாசலில் நின்றான். சோப்பு இல்லை. பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து படுத்தான்" என்று எழுதுங்கள். எந்த இடத்தில் வேலை நின்றது என்பதுதான் நமக்கு வேண்டும். இந்த ஆளுக்குக் குளிக்க மனமில்லாமல் இல்லை. சோப்பு இல்லையென்றால் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும் இடத்தில் தடைபட்டு நிற்கிறார்.

வாரம் முடிந்ததும், அடிக்கடி நிற்கும் ஒரு வேலையை எடுத்து இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஒரு நாளில் ஒன்று மட்டும்.

ஒரே ஒரு முறை ஞாபகப்படுத்தினால் செய்துவிடுகிறாரா? அப்படியானால் குறை நினைவில். ஞாபகப்படுத்தியும் எழுந்திருக்காமல், நீங்கள் கூட எழுந்து முதல் அசைவைத் தொடங்கியதும் செய்கிறாரா? குறை தொடங்குவதில். டிவியை அணைத்து, அறையில் ஆள் குறைந்ததும் செய்கிறாரா? கவனத்தில். எதுவும் சொல்லாமல் இரண்டு மடங்கு நேரம் விட்டால் தானே முடிக்கிறாரா? வேகம்தான் குறைவு, வேறெதுவும் வேண்டாம், நேரம் கொடுங்கள்.

இந்த நான்கும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே "சொல்பேச்சு கேக்கல" என்று தெரியும். வைத்தியமோ நாலுக்கும் வேறு வேறு. நினைவுக்கு எழுதிக் கொடுத்த தாள் போதும். தொடங்க முடியாதவருக்கு நூறு தாள் ஒட்டினாலும் பயனில்லை, கூட ஓர் ஆள் எழுந்து நிற்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் சுவர் முழுக்கத் தாள் ஒட்டிவிட்டு, "எதுவும் வேலைக்கு ஆகல" என்று விட்டுவிட்ட வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முறையான சோதனை வேண்டுமென்றால் மனநலப் பிரிவில் உள்ள உளவியலாளரைக் கேளுங்கள். எண்களைச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொல்வது, ஒரு சின்னக் கதையைக் கேட்டு உடனேயும் அரை மணி கழித்தும் சொல்லச் சொல்வது, குறியீடுகளைப் பார்த்து வேகமாக எழுதச் சொல்வது என்று இருக்கும். அதற்குப் போகும் நாளிலும் உங்கள் நோட்டு கூட இருக்கட்டும். சோதனை அறையில் நன்றாகச் செய்கிறவர் அடுப்படியில் தடுமாறலாம்.

4. மருந்துச் சீட்டை நோட்டோடு சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள்

வீட்டில் எதையும் மாற்றும் முன் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மந்தத்தின் ஒரு பங்கு மருந்தால் வந்ததாக இருந்தால், அதைக் குறைப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம்.

முதலில் கேட்க வேண்டியது டிரைஹெக்ஸிஃபெனிடில் பற்றி. மனநோய் மருந்தால் கை நடுக்கம், உடல் இறுக்கம் வராமலிருக்கக் கொடுக்கும் சின்ன மாத்திரை இது. நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற இரசாயனத்தின் வேலையை இது தடுக்கிறது. நடுக்கம் வந்தபோது எழுதிய மாத்திரை, நடுக்கம் நின்று வருடக்கணக்கான பிறகும் சீட்டில் தொடர்ந்துகொண்டே இருப்பதைப் பார்க்கிறேன். "டாக்டர், இது இன்னும் வேணுமா, குறைக்கலாமா?" என்று ஒரு வாக்கியம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் இறுக்கம் திரும்பி வரும், உடம்பும் படுத்தும்.

அடுத்து, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுத்த லோராசிபாம், குளோனாசிபாம், டயாசிபாம் வகை மாத்திரைகள். இவையும் கவனத்தையும் நினைவையும் மழுங்கடிக்கும். இவற்றையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், டாக்டர் சொல்லும் கணக்கில். காலையில் மயக்கமாக இருந்தால், இரவு மாத்திரை எத்தனை மணிக்குப் போகிறது என்பதையும் சொல்லுங்கள். பதினொரு மணிக்குக் கொடுப்பதை எட்டரைக்கு மாற்றலாமா என்று கேட்டு மாற்றியதிலேயே காலை தெளிந்த ஆட்கள் உண்டு.

தைராய்டு, பி12, சர்க்கரை, ரத்தச்சோகை இவற்றுக்கு ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். கண்ணையும் காதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சரியாகக் காதில் விழாததை மறதி என்று எழுதிக்கொண்டிருப்போம். குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் அதையும் சொல்லுங்கள். இந்த மருந்துகளால் எடை ஏறியவர்களுக்கு இது வரலாம், பகலெல்லாம் மந்தமாக வைத்திருக்கும்.

பீடி, சிகரெட் குடிப்பவரானால் மறைக்காதீர்கள். குளோசபின், ஓலான்சபின் என்ற இரண்டு மனநோய் மருந்துகளின் அளவையும் புகை ரத்தத்தில் குறைத்துவிடும். அதேபோல், திடீரென்று பீடியை நிறுத்தினால் அதே மாத்திரையின் அளவு ரத்தத்தில் ஏறி மயக்கம் கூடும். விடுவது நல்லதுதான், டாக்டருக்குச் சொல்லிவிட்டு விடுங்கள்.

வல்லாரை லேகியம், நினைவாற்றல் டானிக் என்று கடையில் விற்பதை வாங்கும் முன்னும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவற்றை நம்பிக்கொண்டு மனநோய் மாத்திரையைக் குறைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. மாத்திரை நின்று நோய் திரும்பினால், அதற்கு முன் பெற்றதில் பெரும்பகுதி போய்விடும்.

5. ஆளை மாற்றும் முன் வீட்டை மாற்றுங்கள்

நினைவைத் திரும்ப வரவழைப்பது மெதுவான வேலை. நினைவு தேவைப்படாதபடி வீட்டை அமைப்பது இன்றைக்கே முடியும். அதனால்தான் பயிற்சிக்கு முன் இது.

மூன்றாம் படியில் கண்டுபிடித்த குறைக்கு ஏற்ப மாற்றுங்கள். தொடங்க முடியாதவருக்கு முதல் பொருளைக் கண்ணெதிரே வையுங்கள்: இரவே பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்து வாஷ்பேசின் மேலேயே வைத்துவிடுவது, குளித்துவிட்டு உடுத்தும் சட்டை, பனியன், லுங்கி எல்லாவற்றையும் ஒரே ஹாங்கரில் தொங்கவிடுவது. கவனம் சிதறுபவருக்கு எதிர்மாறாகச் செய்யுங்கள்: கண்ணெதிரே இருப்பதைக் குறையுங்கள். சோப்பு, துண்டு, மாற்றுத்துணி மூன்றையும் ஒரு பக்கெட்டில் போட்டு, அந்த பக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பாத்ரூமில் இருக்கும் மற்ற ஆறு ஷாம்பு டப்பாவும் வேறிடம் போகட்டும்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே இடம். கண்ணாடி டிவி மேல், சாவி ஆணியில், பர்ஸ் மேஜை டிராயரில். வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று இடத்தை மாற்றாதீர்கள். உங்களுக்கு ஐந்து நிமிடத் தேடல், அவருக்கு அன்றைய நாள் முழுக்கத் தடுமாற்றம்.

தினத்தாள் காலண்டரைக் காலையில் அவர் கையாலேயே கிழிக்க வையுங்கள். கிழித்த தாளின் பின்பக்கம் அன்றைக்குச் செய்ய வேண்டியது மூன்று, பெரிய எழுத்தில். நாலு வேண்டாம். தாள் சட்டைப் பையில் இருக்கட்டும், முடித்ததை அவரே அடிக்கட்டும். மாதம் முழுவதற்கும் ஒரே தாளை எழுதிச் சுவரில் ஒட்டினால், ஒரு வாரத்தில் அது சுவரோடு சுவராகிவிடும், கண் அதைப் பார்க்காது. தினமும் புதுத் தாள் கையில் வருவதால் இது வேலை செய்கிறது.

அலாரம் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும். எல்லாவற்றுக்கும் அலாரம் வைத்தால் எது எதற்கென்று தெரியாமல் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்.

வேலூர் வெயிலுக்கு ஒரு தனிக் குறிப்பு. கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். மனநோய் மருந்துகளும் டிரைஹெக்ஸிஃபெனிடிலும் உடம்பு வியர்த்துக் குளிரும் திறனைக் குறைக்கின்றன. தாகமே தெரியாமல் உட்கார்ந்திருப்பவருக்குத் தலை இன்னும் மந்தமாகும், வெப்ப மயக்கமே வரலாம். தண்ணீர் பாட்டிலில் கோடு போட்டு, "மத்தியானத்துக்குள்ள இந்தக் கோடு வரைக்கும்" என்று சொல்லுங்கள். அந்த நாட்களில் பகல் 11 முதல் 4 வரை வெளி வேலை வேண்டாம்.

6. பேசும் முறையை மாற்றுங்கள்

எங்கள் பக்கத்து வீட்டம்மா மகனிடம் சொன்னது அப்படியே: "கண்ணு, கடைக்குப் போயி அரைக் கிலோ துவரம் பருப்பு வாங்கினு, அப்படியே மாமா வீட்ல சாவியைக் குட்த்துட்டு, வர்ற வழியில கேஸ் வந்துச்சான்னு கேட்டுனு வா." பையன் சரியென்று தலையாட்டிவிட்டுப் போய் உப்போடு வந்தான். மூன்று வேலை, நடுவில் ஒரு ஆளின் பெயர், ஒரு அளவு. அரை டம்ளருக்குள் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் நமக்கு வேண்டியது தங்காது, தங்கியதுதான் தங்கும்.

ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். சொல்லும் முன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவர் உங்களைப் பார்க்கும்வரை காத்திருங்கள். சொன்ன பிறகு வாயைத் திறக்காதீர்கள். பதில் வர எட்டு, பத்து விநாடி ஆகலாம். மூன்றாவது விநாடியில் நாம் மறுபடி சொல்கிறோம், அவருக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பிறகு "இன்னா வாங்கணும், சொல்லு" என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், அதற்குத் தலையாட்டல்தான் பதிலாக வரும்.

திட்டுவதை நிறுத்துவது மரியாதைக்காக மட்டுமில்லை. கோபக் குரலும் ஓயாத குறை கூறலும் உள்ள வீட்டில் இந்த நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பது பல நாடுகளில் பார்த்து உறுதியான விஷயம்.

7. ஒரு வேலையைப் பிழை விடாமல் கற்றுக்கொடுங்கள்

நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது "செஞ்சு பாரு, தப்பானா கத்துக்குவ" என்ற முறையில். மனச்சிதைவில் இது பல சமயம் தலைகீழாகப் போகிறது. செய்த தவறு நினைவில் பதிகிறது, அது தவறு என்ற திருத்தம் பதிவதில்லை. அடுத்த நாளும் அதே தவறு வரும். ஆகவே தவறு நடக்கவே இடம் கொடுக்காமல் கற்றுக்கொடுக்க வேண்டும். மறுவாழ்வுப் பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் முறைதான் இது, வீட்டிலும் செய்யலாம்.

முதலில் வேலையைத் துண்டு போடுங்கள். பால் வாங்குவது ஒரு வேலை அல்ல. என் தம்பிக்கு நான் போட்ட துண்டுகள் இவை: ஆணியிலிருந்து பை எடுப்பது. டிராயரிலிருந்து பர்ஸ் எடுப்பது. செருப்பு போடுவது. கதவைச் சாத்துவது. தெருமுனைவரை நடப்பது. கடைக்காரர் பார்க்கும்வரை நிற்பது. "ரெண்டு பச்சை பாக்கெட்" என்று சொல்வது. காசு கொடுப்பது. மீதியை எண்ணாமல் பர்ஸில் போடுவது. பாலைப் பையில் வைப்பது. திரும்புவது.

"எண்ணாமல்" என்று எழுதியதைக் கவனியுங்கள். கடை வாசலில் பின்னால் ஆள் நிற்க, சத்தத்தில் கணக்குப் போடுவதில்தான் அவன் ஒவ்வொரு முறையும் உறைந்து நின்றான். அந்தத் துண்டை வேலையிலிருந்தே எடுத்துவிட்டேன். கடைக்காரரிடம் முன்பே பேசி, மீதியைச் சரியாகக் கொடுக்கச் சொல்லி வைத்தேன். மீதி எண்ணுவதை வேறொரு நாள், வீட்டில், மேஜை மேல் தனியாகக் கற்றுக்கொடுத்தேன்.

துண்டு போட்ட பிறகு வரிசை இது. முதலில் நீங்கள் செய்யுங்கள், அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். செய்யும்போதே ஒவ்வொரு துண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்து அவர் செய்யட்டும், அடுத்த துண்டு என்ன என்று அவர் யோசிக்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள். ஊகிக்க விடாதீர்கள். தடையில்லாமல் போனதும் சொல்வதைக் குறைத்துக் கை காட்டுங்கள். பிறகு பின்னால் நடங்கள். பிறகு தெருமுனையில் நில்லுங்கள். பிறகு வாசலில்.

உதவியைக் கடைசித் துண்டிலிருந்து விலக்குவது நல்லது. வீட்டுக்குத் திரும்பி வருவதை முதலில் அவரிடம் விடுங்கள், கடையில் பேசுவதைக் கடைசியாக விடுங்கள். ஒவ்வொரு முறையும் வேலை "முடிந்தது" என்பது அவர் கையால் நடக்கும். அந்த நிறைவுதான் அடுத்த நாள் எழுந்திருக்க வைக்கிறது.

நடுவில் தவறு வந்தால், "இல்ல, தப்பு" என்று சொல்லிவிட்டு அங்கிருந்து தொடராதீர்கள். இரண்டு துண்டு பின்னால் போய், சரியான வரிசையில் மறுபடி வாருங்கள். கையும் காலும் சரியான பாதையை மட்டுமே பழக வேண்டும். ஒரு வேலை நன்றாகப் படியும்வரை அடுத்த வேலையைத் தொடாதீர்கள். ஆர்வத்தில் ஒரே வாரத்தில் பால், மாவு மில், கரண்ட் பில் என்று மூன்றைத் தொடங்கிய குடும்பத்தில் மூன்றும் நிலைக்கவில்லை.

பஸ்ஸில் தனியாகப் போவதையும் இப்படியே பழக்கலாம். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ் என்றால், நிறுத்தத்தின் பெயரை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள்: பாலாற்றுப் பாலம் தாண்டினோம், சி.எம்.சி. மருத்துவமனை தாண்டினோம் என்று. அடையாளங்களை ஒரு அட்டையில் வரிசையாக எழுதி, தாண்டியதை விரலால் மூடிக்கொண்டே வரச் சொல்லுங்கள். காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் தொடங்காதீர்கள். பதினொரு மணிக்குக் காலியாக வரும் பஸ்ஸில் தொடங்குங்கள்.

8. இப்போது பயிற்சி

பலரும் முதலில் கேட்பது, "போன்ல மூளை கேம் போட்டுக் குடுக்கலாமா?" என்றுதான். நான் அதை எட்டாவது படியில் வைக்கிறேன். விளையாட்டில் மட்டும் பயிற்சி கொடுத்தால் விளையாட்டில் தேறுவார், அது வீட்டு வேலைக்கு வந்து சேருவது குறைவு. பயிற்சியாளர் கூட இருந்து, கற்ற உத்தியை உடனே ஒரு நிஜ வேலையில் பயன்படுத்த வைக்கும்போது பலன் கூடுகிறது. உங்கள் மருத்துவமனையில் தொழில்வழிச் சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) பிரிவு இருந்தால் சேர்த்துவிடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் நான் அதிகம் நம்புவது வேக நடை. மூச்சு வாங்கும் அளவுக்கு, வாரத்தில் பெரும்பாலான நாட்கள். உடற்பயிற்சி இந்த நோயில் கவனத்தையும் நினைவையும் ஓரளவு உயர்த்துகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன, எடைக்கும் சர்க்கரைக்கும் கூட நல்லது. வேலூர் டவுனில் இருப்பவர்கள் கோட்டைப் பக்கம் விடியற்காலையில் போகலாம். தனியாக அனுப்பினால் இரண்டு நாளில் நின்றுவிடும். கூட நடங்கள்.

செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தியைப் படித்து யார், எங்கே, என்ன என்று மூன்றே கேள்வி, தாயம், பல்லாங்குழி, சமையலுக்குப் பொருள் எடுத்து வைப்பது. இருபது நிமிடம் போதும். முகம் சுளிக்கும் முன் நிறுத்திவிடுங்கள்.

9. முகம் படிப்பதற்கு உதவுங்கள்

எதிரில் இருப்பவர் கேலி செய்கிறாரா, அன்பாகச் சொல்கிறாரா என்று பிரித்தறிவது பலருக்குக் கஷ்டமாகிறது. கல்யாண வீட்டில் யாரோ சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று எழுந்து வந்துவிடுவார்கள். வீட்டில் டிவி சீரியலைச் சத்தமில்லாமல் வைத்து, "இவங்க கோவமா, கவலையா? எத வெச்சு சொல்ற?" என்று பேசிப் பழகுங்கள். புருவம், வாய், தோள் என்று காட்டுங்கள். கூட்டமான விசேஷத்துக்குப் போகும் முன், எவ்வளவு நேரம் இருப்போம், களைத்துப்போனால் எங்கே போய் உட்காரலாம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

10. வேலைக்கு அனுப்பும்போது

பழைய படிப்புக்கேற்ற வேலை என்று பிடிவாதம் வேண்டாம், எந்த வேலையும் வேண்டாம் என்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். வேலையைக் குறையோடு பொருத்துங்கள். வேகம் குறைந்தவருக்கு நேரக் கெடு இல்லாத பீஸ் ரேட் வேலை, அதாவது செய்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் வேலை, பொருந்தும். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து செய்பவர்கள் உண்டு. ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதும், பக்கத்தில் ஆள் சத்தம் இல்லாததும் கவனம் சிதறுபவருக்கு உதவும். கல்லாவில் உட்காருவதும், ஒரே நேரத்தில் போன் எடுத்து, பில் போட்டு, ஆளைக் கவனிப்பதும் இவர்களுக்கு மிகக் கடினம்.

முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்வதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். சொல்லாவிட்டாலும் கேட்கக்கூடியவை உண்டு: "ஒரு வேலை முடிஞ்சதும் அடுத்தது சொல்லுங்கண்ணே", "எழுதிக் குடுத்துடுங்கண்ணே". அரை நாளில் தொடங்குங்கள்.

11. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு நோட்டைப் பயன்படுத்துங்கள்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்யும்போது தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை ஆகிய நான்கையும், எத்தனை வருடமாக நோய் என்பதையும் வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பல சலுகைகளுக்கு வழி.

அன்றைக்குப் புதுச்சட்டை போட்டு, "எல்லாம் நல்லா பண்ணுவான் சார்" என்று பெருமைக்குச் சொல்லும் பெற்றோரைப் பார்க்கிறேன். நடப்பதைச் சொல்லுங்கள். எந்த வேலைக்கு யார் கூட நிற்க வேண்டியிருக்கிறது, எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்பது உங்கள் நோட்டில் தேதியோடு இருக்கிறது. அந்தப் பக்கங்களைக் காட்டுங்கள். விண்ணப்பத்தில் சந்தேகம் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், ஆற்காடு, அரக்கோணம் பக்கத்தவர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும்.

12. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டிய நேரங்கள்

மந்தம் மெதுவாக வருவது. சில நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் அது வேறு. தூக்கம் குறைவது, பழைய சந்தேகம் எட்டிப் பார்ப்பது, மாத்திரையைத் தட்டிக் கழிப்பது: நோய் திரும்புகிறது, அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள்.

காய்ச்சலோடு உடம்பு மரக்கட்டையாக இறுகி, வியர்த்து, பேச்சு குழறினால் மருந்தின் அபூர்வமான ஆபத்து விளைவாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவு. குளோசபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி வந்தால் அன்றே ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும். அவருக்கு மலம் போகாமல் வயிறு உப்பினாலும் அலட்சியம் கூடாது. உயிரை விடும் பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.

ஆபத்தென்றால் 108. ஆம்புலன்ஸில் ஏறும்போது நோட்டு, மருந்துச் சீட்டுக் கவர், மாத்திரை டப்பா மூன்றும் கையில் இருக்கட்டும். என்ன மருந்து, கடைசியாக எப்போது சாப்பிட்டார், ஊசி போட்டது எந்தத் தேதி என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள்.